முன்பின் தெரியாதவரோடு கொடுக்கல் வாங்கல்

காலேஜில் படிக்கும் என் பிள்ளை, ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன், "அம்மா, ஷேரிங் எகானமின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டான். அதைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். தமிழில் 'பகிர்வுப் பொருளாதாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"நீயே சொல்லேன்" என்றேன், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"நம்ம கிட்ட ஒரு சாமான் சும்மா கிடக்கு. இன்னொருத்தருக்கு அது வேணும். நாம கொடுக்கறோம், அவர் காசு கொடுக்கறார். ரெண்டு பேரையும் சேர்த்து வைக்க நடுவில ஒரு ஆப். அவ்வளவுதான்."

"பூ, இவ்வளவுதானா! எதிர் வீட்டு அக்கா தீபாவளிக்குத் தீபாவளி நம்ம முறுக்கு அச்சை வாங்கிட்டுப் போறாங்களே..."

"அதேதாம்மா. ஆனா அந்த அக்காவை உனக்கு இருபது வருஷமாத் தெரியும். இதுல யாரையும் யாருக்கும் தெரியாது."

வாஸ்தவம்தானே! முறுக்கு அச்சு திரும்பி வரும்போது அதில் ஒரு வில்லை குறைந்தால், நான் வாசலில் நின்று, "என்னக்கா, முள்ளு வில்லையைக் காணோமே?" என்று கேட்டுவிடுவேன். செல்போனுக்குள் இருக்கும் மனிதரிடம் எந்த வாசலில் போய் நிற்பது? எங்கள் குடும்பத்திலேயே இந்த ஆப்களின் மூலம் சாமான் விற்றவர், பயணம் போனவர், பணத்தைப் போடப் பார்த்தவர் என்று எல்லா ரகமும் உண்டு. அதனால் பிள்ளை கட்டுரையை முடித்த பிறகும் நான் விடவில்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

ஆரம்பித்த கதை

1995-ஆம் வருஷம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பியர் ஒமிடியார் என்ற இளைஞர், யார் வேண்டுமானாலும் சாமானை ஏலத்துக்கு வைக்கலாம் என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். அதில் விலைபோன முதல் பொருள் எது தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் விளக்குக் குச்சி! 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போயிற்று. இவருக்கே ஆச்சரியம். "ஐயா, இது உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா?" என்று கேட்டு எழுதினாராம். உடைந்த லேசர் குச்சிகளைச் சேகரிப்பதுதான் தன் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். நம் பரணில் கிடப்பதற்கும் உலகில் எங்கோ ஓர் ஆள் காத்திருக்கிறார், பாருங்கள். அந்தப் பக்கம்தான் பிற்பாடு 'ஈபே' ஆயிற்று.

விற்றவர் ஏமாற்றினார், வாங்கியவர் பணம் அனுப்பவில்லை என்று புகார்கள் வரத் தொடங்கவே, 1996-இல் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒருவரோடு ஒருவர் வியாபாரம் செய்த அனுபவத்தை எல்லோரும் படிக்கும்படி அங்கேயே எழுதிவிட வேண்டும். இன்று எந்த ஆப்பைத் திறந்தாலும் பல்லைக் காட்டுகிறதே ஐந்து நட்சத்திரம், அதற்குப் பாட்டி இதுதான்.

2007 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இன்னொரு கதை. பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு நண்பர்களுக்கு வீட்டு வாடகை கட்டப் பணமில்லை. ஊரில் ஒரு மாநாடு, ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. காற்றடைத்த மெத்தைகளைக் கூடத்தில் போட்டு, காலைச் சிற்றுண்டியும் உண்டு என்று அறிவித்தார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 80 டாலர். மறு வருஷம் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் ஏர்பிஎன்பி. பெயரில் உள்ள 'ஏர்', அந்தக் காற்று மெத்தை!

பிரான்சில் ஃப்ரெடெரிக் மசெல்லா என்பவருக்கு 2003 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக ரயிலில் இடமில்லை. அக்காள் தங்கை யாராவது கை கொடுப்பார்கள் என்பது அங்கும் உண்டு போலிருக்கிறது. சகோதரி வழியை மாற்றிக் காரில் வந்து அழைத்துப் போனாள். சாலை நெடுக ஒற்றை ஆளோடு போகும் கார்களைப் பார்த்தவருக்கு யோசனை பிறந்தது. அதுதான் பிளாபிளாகார். 'பிளா பிளா' என்றால் தொணதொணவென்று பேசுவது. வண்டியில் வருகிறவர் வாயாடியா, அமைதியா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டுமாம். என் கணவரைக் கேட்டால், என்னோடு போகும் வண்டிக்கு எத்தனை 'பிளா' போடுவார் என்று எனக்குத் தெரியும்!

இவர்கள் யாருக்கும் கடை கிடையாது, லாட்ஜ் கிடையாது, பஸ் கிடையாது. நம் ஊர்க் கல்யாணத் தரகர் மாதிரி இரண்டு தரப்பையும் சேர்த்து வைத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள். தரகரில்தான் எத்தனை விதம்! ஒருவர் ஜாதகத்தைக் கொடுத்ததோடு சரி, மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று பிறகு தெரிந்தால் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார். இன்னொருவர் முகூர்த்தம் முடியும் வரை கூடவே நிற்பார். ஓர் ஆப்பைத் தொடுமுன் நான் விசாரிப்பதும் இதைத்தான். பணம் யார் கையில் நிற்கிறது? ஏதாவது கோணலானால் யார் பதில் சொல்வார்கள்?

தள்ளுவண்டி விற்ற கதை

பழைய சாமான் விளம்பர ஆப்கள் பெரும்பாலும் தெருமுனைத் தகவல் பலகைதான். போட்டோவும் விலையும் போடலாம். பேசுவது, பார்ப்பது, பணம் வாங்குவது எல்லாம் நம் பொறுப்பு.

என் பெண், குழந்தை நடக்கத் தொடங்கியதும், தள்ளுவண்டியை விற்க இப்படி ஓர் ஆப்பில் போட்டாள். 3,500 ரூபாய். கால் மணியில் போன். பேசினவர் பட்டாளத்தில் இருப்பதாகவும், இப்போதுதான் நம் ஊருக்கு மாற்றலாகி வருவதாகவும் சொன்னார். பேரம் பேசவில்லை, சாமானைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. "முழுப் பணத்தையும் இப்பவே அனுப்பிடறேம்மா. ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பியிருக்கேன். அதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போட்டா பணம் உங்க கணக்குக்கு வந்துடும்" என்றார்.

என் பெண் ஸ்கேன் செய்யக் கையைக் கொண்டுபோய்விட்டாள். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, "காய்கறிக் கடையில் நாம பணம் கொடுக்கும்போதுதானே பின் போடறோம்? வாங்கறவங்க என்னைக்காவது போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள். அந்த ஆள் மூன்று தடவை திரும்பக் கூப்பிட்டு, கடைசியில் திட்டவும் செய்தார். ஆப்காரர்களுக்குப் புகார் எழுதினோம். நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது, அதோடு சரி.

இந்த ஒன்றை மட்டும் அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்: நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் வேண்டவே வேண்டாம். பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். பட்டாளத்துக்காரர் என்று சொல்வது, ராணுவ அடையாள அட்டையின் போட்டோவை அனுப்புவது எல்லாம் பழகிப்போன தந்திரம். ஒருவேளை பணம் போய்விட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைத்து வைத்துக் கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. திருடன் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குள் தகவல் போனால் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. இதில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

ஆப் நடத்தும் கம்பெனிகளுக்கும் சட்டம் உண்டு. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி குறை கேட்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரை வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் எப்போதோ ஒரு தடவை பழைய சாமானை விற்கிறவர் வியாபாரி ஆகமாட்டார், அவர் மேல் இந்த விதிகள் பாயாது. ஆகவே அடுத்தவர் சாமானை வாங்குவதானால் நேரில் போய், பகல் வேளையில், கூட ஓர் ஆளை அழைத்துக்கொண்டு, தொட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுப்பதுதான் சரி. முன்பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

தள்ளுவண்டி பிறகு நல்ல இடத்துக்குப் போயிற்று. பத்து மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்து, சக்கரத்தை உருட்டிப் பார்த்து, 3,000 கொடுத்து எடுத்துப் போனாள்.

குழந்தைச் சாமானில் எதை வாங்கலாம்?

கைக்குழந்தைக்காரிகள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். துணி, மரப் பொம்மை, புத்தகம், ஸ்டீல் பாத்திரம் இவையெல்லாம் கொதிநீரும் வெயிலும் பட்டால் புதுசு மாதிரி. கட்டில் தொட்டில் வாங்கினால் கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். காரில் பொருத்தும் குழந்தை இருக்கையை அறியாதவரிடம் வாங்கவே வேண்டாம். அது ஏற்கெனவே ஒரு விபத்தில் அடிபட்டதா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் இந்த வாக்கர்! விளம்பரங்களில் பாதி இதுதான் கிடக்கிறது. கனடா தேசத்தில் 2004-இல் இதைத் தடை செய்துவிட்டார்கள். புதிதாக விற்பது மட்டும் இல்லை, வீட்டில் கிடக்கும் பழையதை விற்பதும் அங்கே குற்றம். மாடிப்படியில் உருண்டு எத்தனையோ குழந்தைகளுக்கு மண்டையில் அடி. குழந்தை சீக்கிரம் நடக்க இது உதவுவதும் இல்லை. பரணில் இருந்தால் விற்காமல் உடைத்துப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 500 ரூபாய் போகட்டும்.

தாய்ப்பால் எடுக்கும் பம்பும் அப்படித்தான். ஒருத்தி உபயோகத்துக்கென்று செய்யப்பட்டதை இன்னொருத்தி உபயோகிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. மேலே கழுவினாலும் உள்ளே குழாயில் பால் துளி தங்கிக் கிருமி வளரும்.

தாய்ப்பாலையே இணையத்தில் விற்பதும் வாங்குவதும் நடக்கிறது. கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கிற்று. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் தாய்ப்பாலை வியாபாரம் செய்ய அனுமதி இல்லை என்று கண்டிப்பாக அறிவித்தது. கொடுக்கிறவளுக்கு என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறாள், எப்படி எடுத்து வைத்தாள், எதுவும் தெரியாதே! பால் சுரக்காத தாய்க்கும் குறைமாதக் குழந்தைக்கும் வழியில்லாமல் இல்லை. மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-லேயே தாய்ப்பால் வங்கி ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது நம் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது. கொடுக்கும் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரி சூட்டில் அரை மணி வைத்துப் பக்குவம் செய்து, டாக்டர் சொன்ன குழந்தைக்குத் தருகிறார்கள். மிகுதியாகப் பால் சுரக்கும் தாய்மார்கள் அங்கே போய்க் கொடுக்கலாம். பகிர்வு என்றால் இதையல்லவா சொல்ல வேண்டும்!

வண்டியில் ஓர் இடம்

ஊபர், ஓலா, ரேபிடோ எல்லாம் பகிர்வு என்று என் பிள்ளையின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் நமக்காகவே வண்டியை எடுத்து வருகிறார், அது அவருக்குப் பிழைப்பு. ஆட்டோ ஸ்டாண்டு செல்போனுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவே. எப்படியும் ஒரு ஊருக்குப் போகிறவர் காலி இடத்தில் நம்மை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பங்கு போட்டால் அது பகிர்வு. பிளாபிளாகார் 2015-இல் நம் நாட்டுக்கு வந்தது. பெண்கள் மட்டும் போகும் வண்டி என்று தேர்ந்தெடுக்கவும் அதில் வழி உண்டு. வெள்ளை நம்பர் பலகை வைத்த சொந்தக் காரை லாபத்துக்கு வாடகை ஓட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். செலவுப் பங்குக்கு மேல் கணக்கு போகிறதென்றால் அது வாடகை வண்டிதான். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் இதைத்தான் கிளறுவார்கள்.

எந்த வண்டியானாலும் ஆப்பில் காட்டும் நம்பரும் வண்டியின் நம்பரும் ஒன்றா என்று பார்க்காமல் ஏறாதீர்கள். வண்டி போகும் வழியை வீட்டில் ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். அவசரத்துக்கு 112.

நட்சத்திரம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் ஓட்டுநருக்கு நட்சத்திரம் போடுவதுபோல அவரும் நமக்குப் போடுகிறார். அது தெரியாமல் கதவை அடித்துச் சாத்துகிறவர்கள் உண்டு! நட்சத்திரம் குறைந்தால் அவருக்கு வேலை குறையும், சில ஆப்களில் பெயரையே எடுத்துவிடுவார்கள். மழையில் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததற்கு ஒரு நட்சத்திரம் போடுவது, வேலைக்காரியின் அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது மாதிரி. அதே சமயம் குடித்துவிட்டு ஓட்டினவருக்குத் தாட்சண்யம் பார்த்து ஐந்து போட்டால், அடுத்து ஏறப் போகிறவள் இன்னொரு வீட்டுப் பெண்.

மாடி அறையை விடலாமா?

பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் மாடி அறை சும்மா கிடக்கிறது. ஏர்பிஎன்பி மாதிரி ஆப்பில் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. இந்தத் தரகர் கொஞ்சம் கூட நிற்பவர். விருந்தாளி கட்டின பணத்தைத் தானே வைத்திருந்து, அவர் வந்து இறங்கும் நேரம் கடந்து 24 மணி ஆன பிறகு வீட்டுக்காரருக்கு அனுப்புவார். சொன்னபடி அறை இல்லையென்றால் விருந்தாளி முறையிட அவகாசம் வேண்டும் அல்லவா? "ஆப்புக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பினால் விலை குறைக்கிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தக் காவலை நாமே விலக்கச் சொல்கிறார் என்று பொருள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பிளாட் என்றால் சங்கத்தில் கேட்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு இணையத்தில் தகவல் கொடுப்பது கட்டாயம். இதெல்லாம் போக, தலையணை உறை மாற்றுவதிலிருந்து குளியலறை தேய்ப்பது வரை யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்குப் பாருங்கள்.

தெருவுக்கு என்ன ஆகிறது என்பதும் ஒரு விஷயம். ஒரு அறையைப் பகிர்வதாக ஆரம்பித்தது, பணக்காரர்கள் வீடு வீடாக வாங்கி லாட்ஜ் மாதிரி நடத்துவதில் போய் முடிந்தது. ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விடுவதானால் பதிவு செய்துகொண்டு, சொந்தக்காரர் கூடவே இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வந்துவிட்டது. ஸ்பெயினில் பார்சிலோனா நகர மேயர், சுற்றுலாக்காரருக்கு விடும் 10,101 வீடுகளின் லைசென்ஸை 2028 நவம்பருக்குள் இல்லாமல் செய்யப் போவதாக 2024-இல் அறிவித்தார்.

பணத்தையே பகிர்ந்தால்...

என் சின்ன நாத்தனார் பதினோரு வருஷமாகப் பிளவுஸ் தைக்கிறாள். அக்கம்பக்கத்துக்குத் தைத்துத் தைத்துச் சேர்த்தது 2 லட்ச ரூபாய். ஒரு நாள் கையில் போனோடு வந்தாள்.

"அண்ணி, இதைப் பாருங்களேன். நம்ம பணத்தை இவங்க மூலமா தேவைப்படறவங்களுக்குக் கடன் கொடுக்கலாமாம். 14 சதவீதம் வட்டி உறுதி. எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாமாம். பாங்குல இதுல பாதிதானே கொடுக்கறான்?"

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பின இணைப்பு அது. "இன்னிக்கே போடாதே. ரெண்டு நாள் பொறு" என்றேன்.

இந்தத் தொழில் முதலில் வந்தது இங்கிலாந்தில், 2005-இல். சோப்பா என்று ஒரு கம்பெனி. பாங்கு நடுவில் இல்லாமல், பணம் உள்ளவர் நேராகப் பணம் வேண்டியவருக்குக் கடன் கொடுப்பது. (அந்தக் கம்பெனியே 2021 கடைசியில் இந்தத் தொழிலை நிறுத்திவிட்டது.) நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் இதற்கு விதி போட்டது. லைசென்ஸ் வாங்கின கம்பெனிகள்தான் நடத்தலாம். அவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. என் பிள்ளையை உட்கார வைத்துத் தேடினோம். நாத்தனார் போனில் வந்த பெயர் பட்டியலிலேயே இல்லை!

சரி, பட்டியலில் இருக்கிற வேறொன்றில் போடலாமே என்றாள். அதையும் பார்த்தோம். விதிகள் இப்படி இருக்கின்றன: கடன் கொடுக்கிற ஒருவர் எல்லாக் கம்பெனிகளிலும் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல் போடக் கூடாது. ஒரு ஆளுக்கு 50,000-க்கு மேல் கொடுக்கக் கூடாது. தவணை 36 மாதத்துக்குள். பணம் கம்பெனி கைக்குப் போகாமல், பாங்கு சார்பில் நடக்கும் தனிக் கணக்கின் வழியே போய் வர வேண்டும். இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. கடன் எல்லாம் அடமானம் இல்லாத கைக்கடன். வாங்கினவர் திருப்பித் தராவிட்டால், வட்டியும் முதலும் சேர்ந்து நஷ்டம் முழுக்கக் கடன் கொடுத்த நமக்கு. கம்பெனி எந்த உத்தரவாதமும் கொடுக்கக் கூடாது. சில கம்பெனிகள் 'இவ்வளவு வட்டி நிச்சயம், நினைத்தபோது எடுக்கலாம்' என்று பாங்கு டெபாசிட் மாதிரி விளம்பரம் செய்ததால் ரிசர்வ் வங்கி 2024 ஆகஸ்ட் 16 அன்று அப்படிச் செய்யக் கூடாது என்று இறுக்கிவிட்டது. என் நாத்தனாரை இழுத்த இரண்டு வாக்கியங்களும் அவைதான்!

கம்பெனிக்குக் கட்டணம் உண்டு. கடன் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கட்டணம் மாறாது. பெண் மாமியார் வீட்டில் நன்றாக வாழ்ந்தாலும் இல்லாவிட்டாலும் தரகருக்குக் கமிஷன் வந்துவிட்ட மாதிரி. பாங்கில் போட்டால், அந்த பாங்கே மூழ்கினாலும் 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து இந்தத் தொகை. இதில் அது இல்லை.

அவளுக்குப் புரியும்படி கணக்குப் போட்டுக் காட்டினேன். பால் கணக்கு எழுதும் நோட்டில்தான்.

"உன் ரெண்டு லட்சத்தை 40 பேருக்கு ஆளுக்கு 5,000 வீதம் ஒரு வருஷத்துக்குக் கொடுக்கறேன்னு வெச்சுக்கோ. 14 சதவீதம். எல்லாரும் திருப்பிக் கொடுத்தா வட்டி 28,000."

"அதான் அண்ணி நானும் சொல்றேன்."

"அஞ்சு பேர் கொடுக்கலைன்னா? மிச்சம் 35 பேர் வட்டி 24,500. அந்த அஞ்சு பேர் கிட்ட போன முதல் 25,000. வருஷம் பூரா காத்திருந்து, கையில இருந்து 500 ரூபாய் நஷ்டம்."

"நாலு பேர்னா?"

"36 பேர் வட்டி 25,200. போனது 20,000. உனக்கு 5,200. ரெண்டரை சதவீதம் சொச்சம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நம்ம சீட்டே தேவலை போலிருக்கே" என்றாள்.

அதுவும் இந்த வகைதான், யோசித்துப் பார்த்தால். இருபது பேர் பணம் போட, அவசரம் உள்ளவர் தள்ளி எடுக்கிறார். ஆனால் ஏலச்சீட்டுக்கு 1982-இல் வந்த மத்திய சட்டம் இருக்கிறது. பதிவு செய்துதான் நடத்த வேண்டும், நடத்துகிறவர் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 2019 வரை அது 5-ஆக இருந்தது. பதிவு செய்யாமல் வீட்டுத் திண்ணையில் நடத்தும் சீட்டில் எத்தனை பேர் தாலிக்கொடி போயிருக்கிறது என்று அவளுக்கே தெரியும். அதனால் அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

கடைசியில் 1,90,000 ரூபாயைத் தன் பெயரிலேயே பாங்கு டெபாசிட்டாகப் போட்டு, பெண்ணை நாமினியாகக் குறிப்பிட்டாள். மீதி 10,000-ஐப் பட்டியலில் இருந்த கம்பெனி மூலம் இருபது பேருக்கு ஆளுக்கு 500 வீதம் கொடுத்திருக்கிறாள். "போனா நாலஞ்சு மாசம் ராத்திரி தைச்சது போச்சுன்னு வெச்சுக்கறேன் அண்ணி. என்னதான் நடக்குதுன்னு பார்க்கணும்" என்றாள். அவள் பணம், அவள் இஷ்டம். முதல் மாதத் தவணை பத்தொன்பது பேரிடமிருந்து வந்திருக்கிறது. இருபதாவது ஆளின் பெயர் ஆப்பில் தெரிகிறது. வீடு எங்கே என்று தெரியவில்லை. போன் எண் கேட்டதற்கு, வசூல் செய்வதைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தவணை தேதி 5.